பழைய மஸ்டாங்குக்கு எந்த சூப்பர்சார்ஜர்? பெரிய நம்பரைத் தேடாதீங்க

டர்போ எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "சூப்பர்சார்ஜர் பற்றி எப்போ பேசுவீங்க?" இன்னைக்குப் பேசிடலாம். ஆனா பொதுவா பேசினா கூகுள்ல கிடைக்கிறதையே நானும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால ஒரே ஒரு காரை எடுத்துக்கிட்டு, அதுக்கு ஒரு சூப்பர்சார்ஜரை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு கணக்குப் போட்டே பார்ப்போம்.

கார், 1991 ஃபோர்டு மஸ்டாங் 5.0. 1979 முதல் 1993 வரை வந்த 'ஃபாக்ஸ் பாடி' தலைமுறை. 5 லிட்டர் வி8. அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே வேலை பார்க்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கார்களில் இதுவும் ஒண்ணு. உதிரி பாகம் நிறைய, விலை குறைவு, பானெட்டைத் திறந்தா கை நுழைய இடம் இருக்கும்.

இந்தக் காரை எடுக்கக் காரணம் இருக்கு. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் சான் ஹோசேல வேலை பார்க்கிறான். அவன்கிட்ட இந்தக் கார் இருக்கு, 1,40,000 மைல் ஓடினது. போன மாசம் கூப்பிட்டான். "மச்சி, ஒரு ட்வின் ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர் செகண்ட் ஹேண்ட்ல வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும். 450 ஹெச்பி வரும்னு சொல்றாங்கடா. வாங்கலாமா?" அதை வாங்கினா அவன் ஒன்றரை வருஷமா ஒதுக்கி வெச்ச காசு மொத்தமும் போயிடும். இன்ஜினும் போச்சுன்னா அடுத்த ஒன்றரை வருஷமும் சேர்ந்து போகும். ஞாயிறு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் போட்ட கணக்குதான் இந்த எபிசோட்.

முதல்ல, அது என்ன பண்ணுது?

இன்ஜின் ஒரு காற்று பம்ப். எவ்வளவு காற்று உள்ளே போகுதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரிக்க முடியும். சாதாரண இன்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக்குது. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுது. டர்போ புகையின் வேகத்தில் சுத்தும். சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து வரும் பெல்ட்டில் சுத்தும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதுக்கு மேல 8 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தா மொத்தம் 22.7. வகுத்துப் பார்த்தா 1.54 மடங்கு. அப்போ 54 சதவீதம் அதிக பவர் வருமா? வராது. காற்றை அழுத்தினா சூடாகும். சைக்கிளுக்குக் கை பம்ப்ல காற்றடிச்சவங்களுக்கு பம்ப்போட அடிப்பக்கம் சுடுவது தெரியும். சூடான காற்று விரியும். அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும்.

வெளியே 30 டிகிரின்னு வெச்சுப்போம். 75 சதவீதத் திறனுள்ள நல்ல சூப்பர்சார்ஜர் 8 பிஎஸ்ஐக்கு அழுத்தினா காற்று சுமார் 83 டிகிரிக்கு வரும். உள்ளே போகும் காற்றின் அளவு 1.31 மடங்கு. 55 சதவீதத் திறனுள்ள பழைய வகைன்னா அதே 8 பிஎஸ்ஐக்கு 103 டிகிரி, காற்று 1.24 மடங்குதான். ரெண்டுக்கும் மீட்டர்ல ஒரே 8தான் காட்டும். அதனாலதான் "எத்தனை பிஎஸ்ஐ?" என்ற கேள்வி மட்டும் போதாது. இன்டர்கூலர் போட்டு 83-ஐ 50 டிகிரிக்கு இறக்கினா 1.31 என்பது 1.45 கிட்ட வரும்.

இந்தக் காரின் கம்பெனி கணக்கு 225 ஹெச்பி. 1.31 ஆல் பெருக்கினா 295. இதிலிருந்து சூப்பர்சார்ஜரைச் சுத்தவே ஒரு 16 ஹெச்பி போகும். பழைய வகைன்னா 22 வரைக்கும் போகும். தோராயக் கணக்குதான், ஆனா ஒண்ணு தெளிவாகுது. 8 பிஎஸ்ஐல, இன்டர்கூலர் இல்லாம, மற்றதை எல்லாம் தொடாம வெச்சிருந்தா நியாயமான எதிர்பார்ப்பு 300-ஐ ஒட்டித்தான். 450 வேணும்னா காற்று ரெண்டு மடங்கு போகணும். அது வேற லெவல் பூஸ்ட், வேற லெவல் செலவு.

மூணு வகை, மூணு குணம்

ரூட்ஸ் வகைதான் மூத்தது. இந்தியானாவின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கினது. அப்போ கார் கிடையாது. அது காற்றடிக்கிற இயந்திரம். ரெண்டு சுழலிகள் காற்றை வாரி வாரி மறுபக்கம் கொட்டும். உள்ளே அழுத்தாது, கொட்டின காற்று இன்டேக்ல நெரிசலாகித்தான் அழுத்தம் ஏறும். அதனாலதான் சூடு அதிகம். இன்றைய ரூட்ஸ் வகைகள் நிறைய முன்னேறியிருக்கு, ஆனா செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் பழசுதான்.

ரெண்டாவது ட்வின் ஸ்க்ரூ. ரெண்டு திருகாணிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுத்தும். காற்று திருகு வழியா நகரும்போதே அழுத்தப்படும், அதனால சூடு குறைவு. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ ரெண்டுமே ஒரு சுத்துக்கு இவ்வளவு காற்றுன்னு அளந்து தள்ளுற வகை. 5 லிட்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு அதிகபட்சம் 2.5 லிட்டர் காற்றை எடுக்கும். சுத்துக்கு 2 லிட்டர் தள்ளுற சூப்பர்சார்ஜரை கிராங்கில் 7 அங்குல புல்லி, மேலே 3.5 அங்குல புல்லி போட்டு ரெண்டு மடங்கு வேகத்தில் சுத்தினா 4 லிட்டர் வரும். 2.5 கேட்குற இடத்தில் 4 லிட்டர் வந்தா மிச்சம் பூஸ்ட் ஆகும். இந்த விகிதம் 2000 ஆர்பிஎம்லயும் 5000 ஆர்பிஎம்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆக்சிலரேட்டரை மிதிச்ச உடனே பூஸ்ட் இருக்கும்.

மூணாவது சென்ட்ரிஃப்யூகல். பார்க்க டர்போவின் ஒரு பாதி மாதிரி இருக்கும். உள்ளே கியர் வெச்சு, விசிறியை நிமிஷத்துக்கு 40,000 சுத்துக்கு மேல சுத்தி காற்றை வீசும். இதோட குணம் வேற. பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5500 ஆர்பிஎம்ல 8 பிஎஸ்ஐ கொடுத்தா, 3000-ல் 2.4, 2000-ல் 1. கீழே ஒண்ணும் தெரியாது, மேலே போகப் போக இழுக்கும்.

யூடியூப்ல டைனோ வீடியோ பார்க்கிறவங்க கடைசியில் வரும் அந்த ஒரு நம்பரை மட்டும்தான் பார்க்கிறாங்க. அது உச்சம். நாம வண்டி ஓட்டுறது உச்சத்தில் கிடையாது, அந்தக் கோடு முழுக்கத்தான். நம்ம பாஷையில சொன்னா, ஒரு சர்வரை வாங்கும்போது அதோட அதிகபட்ச வேகத்தை மட்டும் பார்த்து வாங்கிட்டு, நம்ம டிராஃபிக் எப்படி வருதுன்னு பார்க்காத மாதிரி.

அப்போ தெருவுக்கு ட்வின் ஸ்க்ரூதானே நல்லது?

இதைத்தான் அவனும் கேட்டான். "கீழே இருந்தே இழுக்கும்னா அதுதானே பெஸ்ட்?" கேள்வி நியாயமானது. இந்த மஸ்டாங்ல சின்ன ஆக்ஸில் ரேஷியோ இருந்தா, ஐந்தாவது கியர்ல 65 மைல் வேகத்தில் போகும்போது இன்ஜின் 1600 - 1800 ஆர்பிஎம்லதான் ஓடும். அந்த இடத்தில் சென்ட்ரிஃப்யூகல் இருக்கிறதே தெரியாது.

ஆனா இங்கே ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கணும். இன்ஜின்ல எது குறையுது? வண்டியில எது முதல்ல உடையும்?

இந்த வி8-க்குக் கீழ் வேகத்தில் குறையே கிடையாது. 3200 ஆர்பிஎம்லயே 300 பவுண்ட்-அடி டார்க், அதாவது சுமார் 407 நியூட்டன் மீட்டர். இதோட பலவீனம் மேலேதான். 225 ஹெச்பி 4200-லயே வந்துடும், அதுக்கு மேல மூச்சு வாங்கும். நீளமான இன்டேக் குழாய்கள், குறுகலான சிலிண்டர் ஹெட்.

உடையுற இடம் எது? கியர்பாக்ஸ். இதில் வர்ற டி-5 ஐந்து கியர் பாக்ஸோட தாங்குதிறன் 1990-லிருந்து 300 பவுண்ட்-அடி. அதாவது சும்மா இருக்கும் இன்ஜினுக்கே அது சரியா எல்லையில் நிக்குது. ட்வின் ஸ்க்ரூ போட்டா 2500 ஆர்பிஎம்லயே அந்த எல்லையைத் தாண்டிடுவோம், அதுவும் ஒவ்வொரு சிக்னல்லயும். ஏற்கெனவே நிறைய இருக்கிற இடத்தில் இன்னும் கொட்டி, ஏற்கெனவே பலவீனமான இடத்தில் அடிக்கிற வேலை அது.

அப்போ ட்வின் ஸ்க்ரூ கெட்டதா? இல்லவே இல்லை. இதே கேள்வியை 1990 மாஸ்டா மியாட்டாவுக்குக் கேளுங்க. 1.6 லிட்டர், 116 ஹெச்பி, டார்க் வெறும் 100 பவுண்ட்-அடி, அதுவும் 5500 ஆர்பிஎம்ல. அந்த இன்ஜினுக்கு மேலே ஓடத் தெரியும், கீழேதான் பலம் இல்லை. அதனாலதான் ஜாக்சன் ரேசிங் நிறுவனம் அதுக்கு ஈட்டன் எம்45 என்ற குட்டி ரூட்ஸ் வகையை வெச்சு கிட் போட்டது. அந்தக் காருக்கு அது சரியான பதில். ஒரு காருக்குச் சரியானது இன்னொரு காருக்குத் தப்பாகலாம்.

சத்தம் கேட்டா ஏற்கெனவே லேட்

பழைய கார்னா இன்னொரு பெரிய ஆபத்து இருக்கு. நாக்கிங். ஸ்பார்க் வந்து ஒழுங்கா எரியுறதுக்கு முன்னாடியே, அழுத்தமும் சூடும் தாங்காம மிச்ச பெட்ரோல்-காற்று கலவை தானே வெடிச்சா அதுதான் நாக்கிங். சுத்தியலால் பிஸ்டனை அடிச்ச மாதிரி. ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் ரிங் இடைவெளி உடையும்.

இன்றைய கார்கள்ல நாக் சென்சார் இருக்கு. கேட்ட உடனே கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைத் தள்ளி வெச்சுக் காப்பாத்திடும். இந்த 5.0 மஸ்டாங்ல நாக் சென்சாரே கிடையாது. கண்காணிப்பும் இல்லை, அலாரமும் இல்லை, நேரா புரொடக்‌ஷன்ல கோட் போடுற மாதிரி. பாதுகாப்பு இடைவெளியை நாமதான் முன்கூட்டியே வெச்சுக்கணும். குறைந்த பூஸ்ட், ஸ்பார்க்கைத் தள்ளி வைக்கும் டியூனிங், நல்ல பெட்ரோல்.

கலிஃபோர்னியாவில் பங்க்ல கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன். மற்ற பல மாநிலங்கள்ல 93. நம்ம ஊர் பங்க்ல சொல்ற ஆக்டேன் எண்ணோட இதைக் குழப்பிக்காதீங்க. இங்கே காட்டுறது ஆர்ஓஎன் என்ற அளவு. அங்கே ரெண்டு அளவுகளின் சராசரி. அவங்களோட 91 நம்ம கணக்குல 95, 96 கிட்ட வரும். ஆனாலும் அமெரிக்காவில் எங்கேயோ 93 ஊத்தி எடுத்த டைனோ நம்பரை, சான் ஹோசேல 91 ஊத்திக்கிட்டு எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது எரிபொருள். இந்தக் கார்ல எட்டு இன்ஜெக்டர்கள், ஒவ்வொண்ணும் மணிக்கு 19 பவுண்ட். சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்ட் பெட்ரோல் கேட்கும். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல ஓட விடக்கூடாது. 300 ஹெச்பிக்குக் கணக்குப் போட்டா ஒவ்வொரு இன்ஜெக்டரும் 26.5 தரணும், அதாவது கடையில் 30 பவுண்ட் வாங்கணும். 450-க்குப் போட்டா கிட்டத்தட்ட 40. அப்போ 42 வாங்கணும். கூடவே பெரிய பம்ப். பெட்ரோல் பத்தலைன்னா கலவையில் காற்று மிஞ்சும், சூடு ஏறும், திரும்பவும் நாக்கிங்.

இந்த விஷயத்தில் இவனுக்கு ஒரு அதிர்ஷ்டம். 1989-லிருந்து வந்த 5.0 எல்லாத்திலயும் காற்றை நேரடியா அளக்கும் மாஸ் ஏர் சென்சார் இருக்கு. அதுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான கார்கள்ல காற்றை அழுத்தத்திலிருந்து ஊகிக்கிற முறை. அதில் இந்த மாதிரி மாற்றம் செய்வது தலைவலி. 1992 வரைக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்பதும் அவனுக்குச் சாதகம். 1993-ல் அது மாறிடுச்சு. ஒரே மாதிரி தெரியும் கார், வருஷம் மாறினா வேற கார்.

பிளாக்குக்கும் ஒரு எல்லை இருக்கு. 500 ஹெச்பி பக்கம் போனா இந்த இன்ஜின் பிளாக் நடுவே பிளந்துடும்னு இதோட பழகினவங்க எல்லாரும் சொல்வாங்க. 450-ன்னு கேட்கிறவன் அந்த விளிம்புக்குப் பக்கத்துல வீடு கட்டுறான்.

ஃபோர்டே என்ன பண்ணுச்சு பாருங்க

சந்தேகம் இருந்தா 2003 மஸ்டாங் கோப்ராவைப் பாருங்க. ஃபோர்டு தானே சூப்பர்சார்ஜர் போட்டு விற்ற கார். ஈட்டன் எம்112, 8 பிஎஸ்ஐ, 390 ஹெச்பி. வெறுமனே மேலே ஒண்ணை வெச்சுப் போல்ட் போட்டாங்களா? 2001 கோப்ராவின் அலுமினிய பிளாக்கை விட்டுட்டு இரும்பு பிளாக் போட்டாங்க. 9.85-ஆ இருந்த கம்ப்ரெஷன் விகிதத்தை 8.5-க்கு இறக்கினாங்க. ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராட், தண்ணீர் இன்டர்கூலர், ஆறு கியர் கொண்ட பலமான டி-56 கியர்பாக்ஸ். அதே 8 பிஎஸ்ஐக்கு அந்தக் கம்பெனியே இவ்வளவு மாத்த வேண்டியிருந்தது. நம்ம 1991 கார்ல கம்ப்ரெஷன் 9.0, இன்டர்கூலர் இல்லை, நாக் சென்சார் இல்லை, 1,40,000 மைல்.

காகிதமும் முக்கியம்

கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதல் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து கண்ணாலயும் பார்ப்பாங்க. சூப்பர்சார்ஜர் மாதிரி பாகம் இருந்தா அதுக்கு மாநிலக் காற்று வளங்கள் வாரியம் கொடுத்த அனுமதி எண் இருக்கணும், அந்த எண் உங்க கார் மாடலுக்கும் வருஷத்துக்கும் பொருந்தணும். இல்லைன்னா வண்டி எவ்வளவு சுத்தமா ஓடினாலும் ஃபெயில்.

"அந்த செகண்ட் ஹேண்ட் கிட்டுக்கு நம்பர் ஸ்டிக்கர் இருக்காடா?" என்று கேட்டேன். விசாரிச்சான். ஸ்டிக்கரும் இல்லை, பழைய பில்லும் இல்லை. புல்லியும் ஒரிஜினல் இல்லை, யாரோ சின்னதா மாத்தியிருக்காங்க. சின்ன புல்லின்னா அதிக பூஸ்ட். கிட் எந்த அளவுக்கு அனுமதி வாங்கியிருந்தாலும் அது இப்போ செல்லாது.

அவன் என்ன பண்ணினான்?

சனிக்கிழமை காலையில் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தான். இதை முதல் நாளே பண்ணியிருக்கணும், எல்லாரும் முதல்ல பண்ண வேண்டிய வேலை இதுதான். ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமா இருந்தா எல்லாக் கணக்கும் அங்கேயே முடிஞ்சுது. காசு முதல்ல இன்ஜினுக்குப் போகணும். எட்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கமாவே வந்துது. ஞாயிற்றுக்கிழமை விற்கிறவருக்கு "வேண்டாம்"னு சொல்லிட்டான். அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் சோகமாத்தான் பேசினான். "450 போச்சேடா." "450 எப்பவுமே உன்கிட்ட இல்லடா"ன்னு சொன்னேன்.

இப்போ அவன் திட்டம் இது. அனுமதி எண் உள்ள, தனக்கான எண்ணெயைத் தன்னுள்ளேயே வெச்சிருக்கும் சென்ட்ரிஃப்யூகல் கிட். இன்ஜின் எண்ணெயை எடுக்கும் வகைக்கு ஆயில் பேன்ல ஓட்டை போடணும். அது அவனுக்கு வேண்டாம். பூஸ்ட் 6 பிஎஸ்ஐ. கிட்டோட அனுமதிக்குள் வரும் எரிபொருள் பாகங்கள், டைனோல வெச்சு ஒரு நாள் டியூனிங். கையில் இருக்கும் காசில் ஏறக்குறைய பாதிதான் சூப்பர்சார்ஜருக்கு, மீதி பாதி அதைச் சுத்தியிருக்கும் எல்லாத்துக்கும்.

உங்க கார் எதுவா இருந்தாலும் கேள்விகளோட வரிசை இதுதான். இன்ஜின் இப்போ ஆரோக்கியமா இருக்கா? எந்த ஆர்பிஎம்ல அதுக்குப் பலம் குறையுது? பூஸ்ட் கொடுத்தா முதல்ல எது உடையும்? என் ஊர் பெட்ரோலும் என் ஊர் சட்டமும் எதை அனுமதிக்குது? இந்த நாலுக்கும் பதில் எழுதின அப்புறம்தான் அஞ்சாவது கேள்வி: எந்த சூப்பர்சார்ஜர்? அந்த நேரத்துக்குப் பட்டியல்ல பெரும்பாலும் ரெண்டு, மூணு பெயர்தான் மிச்சம் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல இன்டர்கூலர் பற்றிப் பேசலாம். காற்றால் ஆறுவது, தண்ணீரால் ஆறுவது, எது எங்கே சரி. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கார் மாடலையும் வருஷத்தையும் மறக்காம சொல்லுங்க, வருஷம் மாறினா பதிலும் மாறும். சந்திப்போம்!